போஸ்ட்மாஸ்டர் மடுவில் மெர்வினுக்கு முன்னால் நின்றவர்

எங்கள் துராங்கியில் ட்ரவுட் மீனை விற்கவும் முடியாது, வாங்கவும் முடியாது. நாட்டின் சட்டம் அப்படி. ஆற்றில் இறங்கி நீங்களே பிடிக்கலாம்; பிடித்தவர் மனமிரங்கிக் கொடுத்தால் சாப்பிடலாம்; இரண்டுக்கும் வழியில்லையென்றால் கடையில் கோழி வாங்கிக்கொள்ளலாம். காசை வைத்து ஒருவரை ஒருவர் மட்டம் தட்ட முடியாத ஊரில் ஆட்கள் எதை வைத்துத்தான் பெருமையடிப்பது? ஆற்று மரியாதையை வைத்து.

மே மாதம் பிறந்து, எங்கள் பக்கத்துக் குளிர்காலம் தொடங்கி, ருவாபெகு மலை பனியில் வெளுத்து, ஏரியிலிருந்து மீன்கள் முட்டையிட ஆற்றில் ஏறத் தொடங்கியதும் அந்த மரியாதை அமலுக்கு வந்துவிடும். மடுவின் தலைப்பில், அதாவது மேல்முனையில், இறங்க வேண்டும். தூண்டிலை வீச வேண்டும். இறகால் கட்டிய பூச்சி நீரோட்டத்தோடு வளைந்து வந்து கரையோரம் நின்றதும், கயிற்றை இழுத்துக்கொண்டு கீழ்நோக்கி ஓர் எட்டு வைக்க வேண்டும். மறுபடி வீச்சு, மறுபடி ஓர் எட்டு. கடைசிவரை போனதும் கரையேறி, மேலே நடந்து வந்து, வரிசையின் வாலில் இறங்கிக்கொள்ளலாம். புதிதாய் வருபவருக்கும் வால்தான். முன்னால் நிற்பவரைத் தாண்டக் கூடாது. அவராகத் திரும்பாமல் அவரிடம் பேசக் கூடாது. பின்னால் ஆள் இருக்கும்போது நின்ற இடத்தில் வேர் விடக் கூடாது. அடுத்தவர் மனைவியோடு ஓடிப்போனவர்கள் எங்கள் ஊரில் இரண்டு பேர் உண்டு. இரண்டே குளிர்காலத்தில் மன்னிக்கப்பட்டு இப்போது மீன்பிடிப்போர் சங்கக் கமிட்டியில் இருக்கிறார்கள். அடுத்தவருக்கு முன்னால் மடுவில் இறங்கியவரும் ஒருவர் இருந்தார். அவர் இப்போது வேறு ஊரில் இருக்கிறார்.

மெர்வின் பாஸ்கோ எழுபத்தாறு வயதுவரை யாரையும் தாண்டியதில்லை. முப்பத்தோரு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். அந்த வேலையின் சாரம் தலை எண்ணுவது. காலையில் ஏறிய தலைகள் மாலையில் இறங்கிய தலைகளோடு ஒத்துப்போக வேண்டும். ஒருநாள் பிள்ளைகள் ஓர் ஆட்டுக்குட்டிக்குச் சீருடைச் சட்டையை மாட்டி, பின்வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். பாலம் தாண்டுவதற்குள் மெர்வின் கண்ணாடியில் எண்ணி, வண்டியை நிறுத்தி, அதை இறக்கிவிட்டார். அவருடைய பணிக்கால வரலாற்றில் கணக்கு பிசகிய ஒரே நாள் அதுதான். அதிலும் பிசகு அவருடையதல்ல.

மற்ற மடுக்களுக்கெல்லாம் தளபதி, நீதிபதி என்று பெரிய மனிதர்களின் பெயர் கிடைத்துவிட்டது. எங்களுக்குக் கிடைத்தது போஸ்ட்மாஸ்டர் மடு. குளிர்காலத்தில் அதில் வாடிக்கையாக இறங்குவது ஆறு பேர். முதல் ஆள் மெர்வின். இருபது நிமிடம் கழித்து ஹெனரியாட்டா வருவாள். இந்த மண்ணின் பூர்வகுடிக்காரி, மீனைப் புகை போட்டுத் தரும் கொட்டகை வைத்திருப்பவள். ஊரில் யார் என்ன பிடித்தார், என்ன பிடித்ததாகச் சொன்னார் என்ற இரண்டு விவரமும் அவளிடம் தனித்தனியாக இருக்கும்.

பிரச்சினை பிப்ரவரியிலேயே ஆரம்பித்துவிட்டது. மெர்வின் கெட்டிலை அடுப்பில் வைத்துவிட்டுப் பூச்சி கட்ட உட்கார்ந்தார். கெட்டில் உருகி அடுப்போடு ஒன்றாகிவிட்டது. அடுத்து, பள்ளி விடுமுறையில் ஒரு காலை ஏழு நாற்பதுக்கு, தன் சொந்தக் காரை பழைய பேருந்து நிறுத்தத்தில் போட்டுக்கொண்டு பத்து நிமிடம் பிள்ளைகளுக்காகக் காத்திருந்தார். வேலையை விட்டுப் பதினான்கு வருடம் ஆகியிருந்தது. பார்த்தவர்கள் கையசைத்தார்கள். அவரும் கையசைத்தார். பிறகுதான் அவருக்கு வியர்த்தது.

மகள் கோரலி ஹாமில்டனில் நர்ஸ். அவள் வந்து அவரை டாக்டரிடம் கூட்டிப் போனாள். நூறிலிருந்து ஏழேழாகக் குறைத்துச் சொல்லச் சொன்னார்கள். டாக்டரைவிட வேகமாகச் சொன்னார். கடிகாரம் வரையச் சொன்னார்கள்; முள்ளை ஏழு நாற்பதில் வைத்தார். அவர்கள் வரையச் சொன்ன நேரம் அதுவல்ல.

"அப்பா, இன்னும் ஒரே ஒரு தடவை இந்த மாதிரி ஏதாவது நடந்துச்சுன்னா, என்கூட ஹாமில்டன் வந்துடணும். சரியா?"

"அங்க நான் என்ன பண்ணுவேன்?"

"எங்க வீட்டுக்குப் பக்கத்துல ஆறு இருக்கு."

"ஆறு இருக்கு. அதுல குளிர்காலத்துல என்ன ஏறுது? வாத்துதான் ஏறுது."

"அப்போ ஒன்னும் நடக்காம பாத்துக்கங்க."

அவர் ஒப்புக்கொண்டார். இல்லாத எதையும் பார்க்காமல், இருக்கும் எதையும் மறக்காமல் ஒரு குளிர்காலத்தை ஓட்ட வேண்டும். அவ்வளவுதான் நிபந்தனை.

ஜூன் மாதம் இரண்டாவது வாரம், மழை பெய்து ஆறு கலங்கி, வடிந்து தெளிந்துகொண்டிருந்த ஒரு காலை. மீன் ஏற அதைவிட நல்ல நேரம் கிடையாது. மெர்வின் வண்டியை நிறுத்தியபோது சரளைத் திடலில் வேறு வண்டி இல்லை. தொங்குபாலத்துப் பலகைகளில் உறைபனி வெள்ளையாகப் படிந்திருந்தது. அதில் முதல் காலடி அவருடையது. நீர் காற்றைவிட வெதுவெதுப்பாக இருந்ததால் மடு முழுக்க மூடுபனி எழுந்து நின்றது. மார்பு வரை ஏறும் ரப்பர் காலுடையோடு தலைப்பில் இறங்கினார். வழக்கம்போல் எண்ணினார். ஒன்று. அது அவர்தான்.

பதினோராவது எட்டில், கீழே, ஒரு வீச்சுத் தூரத்தில் இன்னொருவர் நின்றார்.

இடுப்பளவு நீர். பழைய கான்வாஸ் தொப்பி. முதுகு. கோல் பின்னால் போய் முன்னால் வந்தது. கயிறு விழுந்த சத்தம் இல்லை. மெர்வினுக்கு முதலில் வந்தது பயமல்ல, எரிச்சல். தன்னைவிட முன்னால் எழுந்தவன் எவன்? பிறகு அந்த ஆளின் நடையைப் பார்த்தார். ஒரு வீச்சு, ஓர் எட்டு. மீண்டும் ஒரு வீச்சு, ஓர் எட்டு. குறை சொல்ல இடமே இல்லாத ஒழுங்கு. எரிச்சல் மரியாதையாக மாறி, இருவரும் ஒன்றாகவே கீழே இறங்கினார்கள்.

முப்பதாவது எட்டில் மெர்வின் கோல் வளையத்தில் உறைந்த பனியை வாயில் வைத்து உறிஞ்சினார். தன் மூச்சு முகத்துக்கு முன்னால் வெள்ளையாகப் பொங்கியதைப் பார்த்தார். முன்னால் நின்றவரின் தொப்பிக்கு மேலே மூச்சு எதுவும் எழவில்லை.

அறுபத்தோராவது எட்டில் போஸ்ட்மாஸ்டர் மடு முடிந்துவிடும். முன்பெல்லாம் தொண்ணூறு வரை நடக்கலாம். பெருவெள்ளம் வந்து படுகையைக் குடைந்துவிட்டுப் போனதிலிருந்து அதற்கப்பால் இரண்டாள் ஆழம். அறுபத்தொன்றில் கரையேறத் தவறியவர் ஏரியில்தான் ஏறுவார். மெர்வின் அறுபத்தொன்றில் கரையேறினார். முன்னால் போனவர் ஏறவில்லை. அந்தக் குழிக்கு மேலே, அதே இடுப்பளவு நீரில், ஒரு வீச்சு, ஓர் எட்டு என்று போய்க்கொண்டே இருந்தார். வெள்ளத்துக்கு முந்தைய ஆற்றில் அவர் மீன் பிடித்துக்கொண்டிருந்தார்.

வெயில் வந்து பனி விலகியபோது மடுவில் எரிமலை நுரைக்கல் மட்டும் மிதந்தது.

மெர்வின் வண்டிக்குள் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டு, கடைசி வருடம் தன் பேருந்தில் ஏறிய இருபத்துமூன்று பிள்ளைகளின் பெயரையும் நிறுத்த வரிசைப்படி ஒப்பித்தார். ஒன்றுகூடத் தப்பவில்லை. மூளை சரியாக இருக்கிறது. அப்படியானால் அந்த ஆள் இருக்கிறார். அந்த ஆள் இல்லையென்றால், மூளை சரியாக இல்லை. ஹாமில்டன்.

மறுநாளும் அவர் இருந்தார். அதற்கு அடுத்த நாளும். பனி கனத்த நாளில் கட்டாயம். பனியில்லாத நாளில் விடுமுறை. எளிய வழி ஒன்று உண்டு: பக்கத்தில் போய்த் தோளைத் தொட்டுப் பார்ப்பது. ஆனால் முன்னால் நிற்பவரை நெருங்குவதாவது! அவர் செத்தவராகவே இருந்தாலும் மெர்வினுக்கு முன்பே இறங்கியவர். தலைப்பின் உரிமை அவருக்கு. வேறு எந்த ஊர்க்காரனாக இருந்தாலும் ஒரு கல்லையாவது விட்டெறிந்திருப்பான். எங்கள் மெர்வின் மூன்று வாரம் மரியாதையாகப் பின்தொடர்ந்தார்.

யாரிடமும் கேட்கவும் முடியாது. கேட்டால் கோரலிக்குப் போய்விடும். சுற்றி வளைத்து ஹெனரியாட்டாவிடம் மட்டும் கேட்டுப் பார்த்தார். அவள் புகை போடுவதற்கான மானூக்கா மர விறகை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஹெனி, எனக்கு முன்னாடி மடுவுல யாராவது எறங்குறாங்களா?"

"உனக்கு முன்னாடி எந்திரிக்கறது சேவல் ஒன்னுதான். அதுக்குத் தூண்டில் பிடிக்கத் தெரியாது."

"இல்ல, உங்க ஆளுங்க முன்ன காலத்துலேர்ந்து இங்கயே இருக்கீங்க. அந்த மடுவப் பத்தி ஏதாவது கதை கிதை..."

"வந்துட்டியா நீயும்? டூரிஸ்ட்டுதான் இப்படிக் கேட்பான். எங்க தாத்தனுங்க அந்த மடுவுக்குப் போனதே இல்ல மெர்வ். அப்ப சனிக்கிழமைன்னா ரக்பி. எதுக்குக் கேக்கற?"

"சும்மா."

"சும்மா கேக்கற மூஞ்சி இல்லையே இது. தூக்கம் வரலையா? மாத்திரை மறந்துட்டியா?"

"வேலையப் பாரு" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

ஜூலை முதல் வாரத்தில், மெர்வின் நாற்பத்தைந்தாவது எட்டில் இருந்தபோது, முன்னால் போனவர் நின்றுவிட்டார். குழிக்கு மேலே அசையாமல் நின்றார். வீசவும் இல்லை. முன்னால் நிற்பவர் நகராமல் எப்படி நகர்வது? மெர்வினும் நின்றார். ஐந்து நிமிடம். பத்து நிமிடம். பின்னால் ஹெனரியாட்டா இறங்கி வந்துவிட்டாள். பனியில் அவளுக்குத் தெரிந்தது மெர்வினின் முதுகு மட்டும்.

"யோவ் மெர்வ்! மரம் மாதிரி நிக்கிற? நகரு!"

"இரு. முன்னாடி ஆள் நிக்குது."

கேட்ட நொடியில் அவள் கத்துவதை நிறுத்தினாள். அவள் கத்துவதை நிறுத்தினால் மதியத்துக்குள் போன் பேசுவாள் என்று அர்த்தம்.

கோரலி சனிக்கிழமை வந்து சேர்ந்தாள். பெட்டி கட்ட இரண்டு காலி அட்டைப் பெட்டிகளும் காரில் வந்திருந்தன. சத்தம் போடவில்லை, அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

"நாளைக்கு நானும் ஆத்துக்கு வர்றேன்ப்பா. கரையில நின்னு பாக்கறேன்."

"பாத்துட்டு?"

"நீங்க எப்பவும் போல மீன் பிடிச்சீங்கன்னா, நான் கெளம்பிடறேன். இல்லாத ஆளுக்காக நின்னுட்டு இருந்தீங்கன்னா, ரெண்டு பேரும் சேர்ந்து கெளம்பறோம்."

ஞாயிறு காலை பனி இன்னும் மோசம். பாலத்தின் மறுமுனை தெரியவில்லை. கோரலி சுடுதேநீர் பிளாஸ்க்கோடு கரையில் நின்றாள், பக்கத்தில் ஹெனரியாட்டா, துப்பு கொடுத்தவளின் சங்கடத்தோடு. மெர்வின் தலைப்பில் இறங்கினார். பதினோராவது எட்டில் தொப்பி தெரிந்தது. நாற்பத்தைந்தாவது எட்டில் தொப்பி நின்றது.

அவரும் நின்றார்.

மகள் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்பது அவருக்குத் தெரியும். பதினாறு எட்டு வைத்தால் போதும், வீடு தப்பிவிடும். கால் தூக்கிப் பார்த்தார். கால் எழவில்லை. ஐம்பது குளிர்கால வழக்கம் முழங்காலுக்குள் இறங்கிக் கெட்டியாகியிருந்தது.

"அப்பா," கரையிலிருந்து குரல் வந்தது, மெல்ல, நோயாளியிடம் பேசும் குரல். "போதும்ப்பா. ஏறி வாங்க."

அந்த நேரத்தில்தான் ஆக்லாந்து நகரத்துக்காரன் ஒருவன் வந்தான். விலைச் சீட்டுகூடப் பிய்க்காத சட்டை, கண்ணாடி, இடுப்பில் ஏழெட்டுக் கத்தரிகளும் கொக்கிகளும். "காலை வணக்கம்!" என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டு, நின்றுகொண்டிருந்த கிழவரைப் பார்த்தான், அவருக்குக் கீழே நல்ல நீர் சும்மா போவதைப் பார்த்தான், நேராகக் கரையிறங்கி மெர்வினுக்கு முன்னால் ஐந்து எட்டு தள்ளி ஆற்றில் கால் வைத்தான்.

ஹெனரியாட்டா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சர்ச்சில் ஒருவன் பாதிரியார் மடியில் உட்கார்ந்திருந்தால்கூட அவ்வளவு அதிர்ந்திருக்க மாட்டாள்.

அவன் வீசினான். இரண்டு எட்டு வைத்தான். மறுபடி வீசினான். நாலு எட்டு. பனி அவனை இடுப்புவரை விழுங்கியது, பிறகு தோள்வரை. இன்னும் நாலு எட்டு.

பிறகு அவன் கோல் அசையவில்லை.

அவன் தொப்பியைக் கழற்றுவது மங்கலாகத் தெரிந்தது. "மன்னிச்சுக்கங்க ஐயா," என்று அவன் சொன்னது எல்லோர் காதிலும் விழுந்தது. "நீங்க நிக்கறத பாக்கல. மன்னிச்சுக்கங்க."

பதில் வந்ததா என்று தெரியவில்லை. வந்தவன் கரையேறிய விதத்தில் தண்ணீர் தெறித்துக் கோரலியின் கோட்டில் பட்டது. அவன் முகம் மைதாமாவு போல இருந்தது. கோல் கையில் இல்லை, ஆற்றோடு போயிருந்தது. அதை அவன் கவனித்ததாகவும் தெரியவில்லை.

"யார்கிட்ட மன்னிப்பு கேட்டீங்க?" கோரலி கேட்டாள்.

"கீழ நிக்கற பெரியவர்கிட்ட. தொப்பி போட்டவர்."

"எங்கப்பா மேலதான் நிக்கறாரு."

"இவரு இல்லைங்க. அவரு. நான் கிட்ட போனதும் திரும்பிப் பாத்தாரு."

"எவ்வளவு ஆழத்துல நின்னாரு?" இதைக் கேட்டது ஹெனரியாட்டா.

"இடுப்பளவு."

ஹெனரியாட்டா கோரலியைப் பார்த்தாள். "அங்க ரெண்டாள் ஆழம். இவரு இன்னும் ரெண்டு எட்டு வெச்சிருந்தா குழிக்குள்ள போயிருப்பாரு."

கோரலி கரையோரமாக நடந்து குழிக்கு நேர் எதிரே போய் நின்றாள். கறுத்த நீர், மேலே பனி, ஓடாமல் சுற்றிக்கொண்டிருந்த இரண்டு நுரைக்கல். திரும்பி வந்து, "முகம் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள். பிணவறை வரை பார்த்த நர்ஸ் அவள். முகத்தைப் பற்றிக் கேட்கத் தெரியும். ஆக்லாந்துக்காரன் வாயைத் திறந்தான், மூடினான், தன் வண்டியை நோக்கி நடந்தான். பிறகு ஓடினான்.

அதுவரை ஆற்றில் நின்றிருந்த மெர்வின் சிரிக்க ஆரம்பித்தார். அவர் மனைவி இறந்ததிலிருந்து இந்த ஆறு வருடத்தில் அப்படி ஒரு சிரிப்பை ஹெனரியாட்டா கேட்டதில்லையாம்.

"இருக்கான்! கேட்டியா கோரலி? இருக்கான்! எனக்கு ஒன்னும் இல்ல!"

"அப்பா, வெளிய வாங்க."

"மூளை சரியா இருக்கு! கல்லு மாதிரி இருக்கு!"

"சரிப்பா, சரியா இருக்கு, தயவு செஞ்சு வெளிய வாங்க!"

"இரு, முன்னாடி இருக்கறவன் நகரட்டும்."

அன்று மாலை அடுக்களையில் கோரலி அழுதாள். பைத்தியம் என்றால் கூட்டிப் போக அவளிடம் வழி இருந்தது, மாத்திரை இருந்தது, படிவம் இருந்தது. பைத்தியமில்லை என்பதற்கு அவளிடம் எதுவும் இல்லை. "இப்பவாவது வாங்கப்பா, இதுக்காகவாவது வாங்க" என்று கெஞ்சினாள். மெர்வின் புதிய கெட்டிலில் தண்ணீர் கொதித்ததும் அடுப்பை அணைத்து, அணைத்ததை அவளுக்குக் காட்டி, ஒப்பந்தத்தை நினைவுபடுத்தினார். அட்டைப் பெட்டிகள் காலியாகவே ஹாமில்டன் திரும்பின.

ஊர் என்ன செய்தது என்கிறீர்களா? முதல் வாரத்தில் மூன்று குடும்பங்கள் குழிக்கு மேலே நின்றவரைத் தங்கள் தாத்தா என்று உரிமை கொண்டாடின. தாத்தா பிடித்த மீன்களின் எடையையும் கூடவே சொல்லின. சங்கக் கமிட்டி கூடி, சம்பந்தப்பட்டவர் நடப்பு ஆண்டுக்கு உரிமச் சீட்டு வைத்திருக்கிறாரா என்று விவாதித்தது. இதெல்லாம் பகலில். விடியற்காலையில் நிலைமை வேறு. யார் முதலில் இறங்குவது என்று சண்டை போட்ட அதே ஆட்கள் இப்போது சரளைத் திடலில் எஞ்சினை ஓடவிட்டு, ஹீட்டரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். கண்ணாடியை இரண்டு விரல் இறக்கி, "நீங்க போங்க", "ஐயோ, நீங்க மொதல்ல" என்று ஒருவரை ஒருவர் உபசரித்துக்கொள்கிறார்கள். இப்படியொரு பண்பாட்டை எங்கள் ஆறு இதுவரை கண்டதில்லை. கடைசியில் மெர்வின்தான் இறங்குகிறார், வாயில் பாட்டோடு.

ஆகஸ்டில் ஒரு நாள் அவர் வாயில் பாட்டு இல்லாமல் ஏறி வந்தார். ஹெனரியாட்டாவின் கொட்டகைக்குப் போய் நெருப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இன்னிக்கு முன்னாடி யாரும் இல்ல ஹெனி."

"நல்லதுதானே? போய்ட்டானா?"

"கடைசிவரைக்கும் போனவன் என்ன பண்ணணும்?"

ஹெனரியாட்டா விறகை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். கடைசிவரை போனவர் கரையேறி, மேலே நடந்து வந்து, வரிசையின் வாலில் இறங்க வேண்டும். ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

"நான் இன்னைக்கு ஆத்துல எறங்கவே இல்லையே மெர்வ்" என்றாள். "வண்டியிலதான் இருந்தேன்."

"தெரியும். பின்னாடி வீச்சு கேட்டுச்சு. நான் ஒரு எட்டு வெச்சா அதுவும் ஒரு எட்டு."

"திரும்பிப் பாத்தியா?"

"பின்னாடி வர்றவன் மூஞ்சிய எதுக்குப் பாக்கணும்? நான் நிக்காம போகணும், அவ்வளவுதான்."

கோரலிக்கு அன்று மதியமே தெரிந்துவிட்டது. வழக்கமான போன்தான். அதிலிருந்து தினமும் மாலை ஆறு மணிக்குக் கூப்பிடுகிறாள். அடுப்பைப் பற்றி இப்போதெல்லாம் கேட்பதில்லை. மாத்திரையைப் பற்றியும் கேட்பதில்லை.

"இன்னிக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"பின்னாடிதான்."

"எவ்வளவு தூரத்துல?"

"ஒரு வீச்சுக்குக் கொஞ்சம் கம்மி."

பிறகு, "அறுபத்தொன்னுல ஏறிடறீங்கல்ல? அவசரத்துல ஒரு எட்டு கூடுதலா வெச்சுட மாட்டீங்கல்ல?"

"எண்ணறதுக்கா எனக்குச் சொல்லித் தர்ற?"

"எனக்காக எண்ணிக் காட்டுங்கப்பா. ஒன்னுலேர்ந்து."

அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து எண்ண ஆரம்பிக்கிறார். அவசரமில்லாமல், ஒவ்வொரு எண்ணுக்கும் நடுவில் ஒரு வீச்சுக்கான இடம் விட்டு. ஹாமில்டனில் கோரலி தட்டில் சாப்பாடு ஆறிக்கொண்டிருக்க, போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு கேட்கிறாள். அறுபத்தொன்று வரும்வரை அவள் வைப்பதில்லை.